டேவிட்சன் கல்லூரி ஸ்டெஃபன் கரிக்கு என்ன கொடுத்தது?

2025 மார்ச்சில் வந்த ஒரு செய்தி கூடைப்பந்து ரசிகர்கள் பலரைக் குழப்பியது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டெஃபன் கரி, தான் படித்த டேவிட்சன் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு உதவிப் பொது மேலாளர் ஆகிறார் என்பது அந்தச் செய்தி. ஓய்வு பெற்ற வீரர்கள் இப்படிப் பொறுப்பேற்பது உண்டு. களத்தில் இருக்கும் ஒருவர் கல்லூரி அணியின் நிர்வாகத்தில் பதவி ஏற்பது புதிது.

கேள்விகள் இரண்டு. கல்லூரி அணிக்கு எதற்குப் பொது மேலாளர்? இரண்டாயிரம் பேர்கூடப் படிக்காத ஒரு சிறு கல்லூரிமீது, என்பிஏவின் மிகப்பெரிய நட்சத்திரங்களில் ஒருவருக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு?

இரண்டுக்கும் விடை 2006 முதல் 2009 வரை அவர் அங்கே கழித்த மூன்று ஆண்டுகளில் இருக்கிறது. அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று புரிய வேண்டுமானால், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடிப்படைச் சொற்கள்

கிரிக்கெட்டில் மாவட்ட அணி, ரஞ்சி, இந்திய அணி என்று படிகள் இருப்பதுபோல, அமெரிக்கக் கூடைப்பந்தில் பள்ளி, கல்லூரி, என்பிஏ என்று படிகள். நடுவில் இருக்கும் கல்லூரிப் படிதான் இந்தக் கட்டுரையின் களம்.

1. என்சிஏஏ: கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பு. அதன் மேல்தட்டு 'டிவிஷன் ஒன்று'. கரி படித்த காலத்தில் ஆண்கள் கூடைப்பந்தில் 340 கல்லூரிகள் அளவுக்கு இந்தத் தட்டில் இருந்தன.

2. கான்ஃபரன்ஸ்: கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் குழு. டியூக், வட கரோலினா போன்ற பெரிய பெயர்கள் ஏசிசி என்ற குழுவில் இருந்தன. டேவிட்சன் அப்போது இருந்தது சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற சிறிய குழுவில். இரண்டுக்கும் இடையே தொலைக்காட்சிப் பணத்திலும் கவனிப்பிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

3. ஸ்காலர்ஷிப்பும் வாக்-ஆனும்: ஓர் ஆண்கள் கூடைப்பந்து அணி அன்று அதிகபட்சம் 13 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் தரலாம். அது இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேர்பவர் வாக்-ஆன். அவரிடம் கல்லூரி பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்று பொருள்.

4. மார்ச் போட்டி: பருவ முடிவில் நடக்கும் தேசியத் தொடர். அப்போது 65 அணிகள். 31 இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மிச்சம் 34 இடங்களை ஒரு தேர்வுக்குழு நிரப்பும். ஒவ்வொரு மண்டலத்திலும் 1 முதல் 16 வரை தர எண் உண்டு. ஒரு தோல்வி போதும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

5. டிராஃப்ட்: என்பிஏ அணிகள் வரிசை போட்டுப் புதிய வீரர்களை எடுக்கும் நாள். 30 அணிகள், இரண்டு சுற்று, மொத்தம் 60 இடம். 2006 டிராஃப்டிலிருந்து ஒரு விதி வந்தது: அமெரிக்க வீரர் 19 வயதை எட்டியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். திறமைசாலிகள் ஒரே ஆண்டு கல்லூரியில் தலைகாட்டிவிட்டு என்பிஏவுக்குப் போகும் பழக்கம் இதிலிருந்துதான் பரவியது.

மெலிந்த பையனை யாரும் கேட்கவில்லை

கரி வளர்ந்தது வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில். அப்பா டெல் கரி என்பிஏவில் 16 பருவங்கள் ஆடியவர். தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சுக்குப் பெயர்பெற்றவர். அம்மா சோன்யா கல்லூரி வாலிபால் வீராங்கனை. இருவரும் படித்தது வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில். மகனும் அங்கே போவான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். வர்ஜீனியா டெக் தந்ததோ ஒரு வாக்-ஆன் இடம் மட்டுமே.

காரணம் உடல். பள்ளியின் கடைசி வகுப்பில் அவர் உயரம் ஏறக்குறைய ஆறடி, எடை 160 பவுண்டு, அதாவது 73 கிலோ. பெரிய கான்ஃபரன்ஸில் முட்டி மோதி ஆடும் கார்டுகளுக்கு (பந்தைக் கொண்டுபோய், தூரத்திலிருந்து வீசும் வீரர்கள்) முன்னால் இந்த உடம்பு நிற்காது என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். 13 ஸ்காலர்ஷிப்தான் கையில் இருக்கும்போது, இன்றைக்கே ஆடக்கூடியவனுக்கு ஒன்றைக் கொடுப்பதா, மூன்று வருடத்தில் தேறக்கூடியவனுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வரும். பெரிய அணிகளுக்கு அதில் தயக்கமே கிடையாது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் இருந்த இடத்தில் அந்தக் கணக்கு சரி.

ஆனால் வெளியே தெரியாத ஒரு வேலை அதற்குள் நடந்து முடிந்திருந்தது. சிறு வயதில் பலம் போதாமல் கரி பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து எறிவார். உயரமான எதிராளி அதை எளிதாகத் தட்டிவிடலாம். பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கோடையில், அப்பா அந்த வீச்சை மொத்தமாகக் கலைத்து, நெற்றிக்கு மேலிருந்து பந்து போகும்படி புதிதாகக் கட்டினார். பழகிய வீச்சைக் கைவிட்ட அந்த மாதங்களில் பையனால் கூடைக்குப் பக்கத்திலிருந்துகூடச் சரியாகப் போட முடியவில்லை. அந்தக் கோடையில் பட்ட பாடுதான் அவருடைய எல்லாச் சாதனைகளுக்கும் அஸ்திவாரம்.

சார்லட்டுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் போனால் டேவிட்சன் ஊர். 1837இல் தொடங்கிய கல்லூரி; படிப்புக்குப் பேர் போனது. பயிற்சியாளர் பாப் மெக்கிலப் 1989இலிருந்து அங்கேயே இருந்தார். அவருடைய மகன் ஒருவரும் கரியும் பத்து வயதில் ஒரே பேஸ்பால் அணியில் ஆடியவர்கள். அதனால் பையனைச் சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். அவர் எடையைப் பார்க்கவில்லை. தவறு செய்த பிறகு பையன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தார். முழு ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்தார்.

முதல் ஆட்டம்: 13 தவறுகள்

2006 நவம்பர். கிழக்கு மிச்சிகன் அணிக்கு எதிராகக் கரியின் முதல் கல்லூரி ஆட்டம். அதில் அவர் 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார்.

இதை 'டர்ன்ஓவர்' என்பார்கள். கூடையை நோக்கி வீசாமலேயே பந்தை இழப்பது. ஒரு ஆட்டத்தில் நான்கு, ஐந்து வந்தாலே பயிற்சியாளர் முகம் சுளிப்பார். 13 என்பது உட்கார வைத்துவிடக்கூடிய எண். நட்சத்திரங்கள் குவிந்த ஒரு பெரிய அணியில் முதலாண்டு மாணவன் ஒருவன் இப்படி ஆடியிருந்தால், அடுத்து அவன் களம் காண ஒரு மாதம் ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். மெக்கிலப் மறுநாளும் அவரையே இறக்கினார். எதிரணி மிச்சிகன். கரி 32 புள்ளிகள் எடுத்தார்.

டேவிட்சன் கொடுத்த முதல் பொருள் இதுதான்: தவறு செய்ய இடம். சிறிய கல்லூரி என்றால் எளிய எதிராளிகள், அதனால் நிறையப் புள்ளிகள் என்று பலர் நினைப்பதுண்டு. அது ஓரளவு உண்மை. அதைவிடப் பெரிய விஷயம், 18 வயதில் ஒவ்வொரு ஆட்டத்திலும் 30 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றதும், தவறியபின் மறுபடியும் அதே வீச்சை எடுக்க அனுமதி இருந்ததும்.

அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 21.5 புள்ளிகள். நாடு முழுவதும் முதலாண்டு மாணவர்களில் அவருக்கு மேலே இருந்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் டுரான்ட் ஒருவர் மட்டுமே. 122 மூன்று புள்ளி வீச்சுகளைக் கூடையில் போட்டார். முதலாண்டு மாணவர் ஒருவர் அதுவரை அத்தனை போட்டதில்லை. டேவிட்சன் மார்ச் போட்டிக்குப் போய் மேரிலேண்டிடம் 82-70 என்று தோற்றது. கரி 30 புள்ளிகள்.

பந்து கையில் இல்லாத நேரத்தில்

இரண்டாம் ஆண்டுக்குப் போவதற்கு முன் ஆட்டத்தின் உள்ளே கொஞ்சம் நுழைய வேண்டும். டேவிட்சன் கொடுத்த இரண்டாவது பொருள் அங்கேதான் இருக்கிறது.

ஒரு அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை அமைப்பவர் பாயிண்ட் கார்டு. தூரத்திலிருந்து வீசிப் புள்ளி எடுப்பவர் ஷூட்டிங் கார்டு. முதல் இரண்டு ஆண்டுகளும் கரி ஷூட்டிங் கார்டு; பாயிண்ட் கார்டு ஜேசன் ரிச்சர்ட்ஸ். 2007-08 பருவத்தில் ஆட்டத்துக்கு 8.1 பாஸ்கள் வழியாக மற்றவர்களுக்குப் புள்ளி எடுத்துக்கொடுத்து, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர் ரிச்சர்ட்ஸ். கரியைப் பற்றிப் பேசும்போது இவர் பெயரை விட்டுவிடுவது அநியாயம்.

பந்து ரிச்சர்ட்ஸ் கையில் இருக்கும்போது கரி என்ன செய்வார்? ஓடுவார். மெக்கிலப்பின் ஆட்டமுறை நிற்காத ஓட்டத்தால் ஆனது. அது இப்படி நடக்கும்:

1. கரி கூடைக்கு அடியிலிருந்து ஓடத் தொடங்குவார். அவரைக் காவல் காப்பவரும் கூடவே ஓடுவார்.

2. வழியில் டேவிட்சனின் பெரிய உடம்புக்காரர் ஒருவர், உதாரணமாக நைஜீரியாவிலிருந்து வந்த ஆண்ட்ரூ லவ்டேல், தூண் மாதிரி நிற்பார். இதற்கு 'ஸ்கிரீன்' என்று பெயர். கரி அந்தத் தூணை உரசிக்கொண்டு போவார். காவலர் தூணில் முட்டி ஒரு நொடி பிந்துவார்.

3. அந்த ஒரு நொடியில் ரிச்சர்ட்ஸின் பாஸ் வந்து சேரும். பந்து கைக்கு வந்ததும் வீச்சு.

4. காவலர் முன்கூட்டியே சுற்றிவந்து மறித்தால், கரி வந்த வழியே திரும்பிக் கூடைப் பக்கம் பாய்வார்.

இதை ஒரு ஆட்டத்தில் ஐம்பது, அறுபது முறை செய்யக் கால் பலமும் மூச்சும் வேண்டும். அதைவிட முக்கியம், வீச்சுக்கான தயாரிப்பு ஓட்டத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அப்பா கட்டிக்கொடுத்த உயரமான வீச்சு, இங்கே வேகமான வீச்சாகவும் ஆனது.

இன்று வாரியர்ஸ் ஆட்டம் பார்க்கும் எவருக்கும் இந்தக் காட்சி பழகியது. 2014இல் ஸ்டீவ் கெர் பயிற்சியாளராக வந்தபின் அந்த அணி இப்படித்தான் ஆடுகிறது. பாஸ் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்காமல் உடனே அடுத்த ஸ்கிரீனைத் தேடி ஓடும் அந்தப் பழக்கம் கெர் வருவதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே டேவிட்சனின் பெல்க் அரங்கில் ஊறிய ஒன்று.

கோட்டின் தூரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைய கல்லூரி மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 19 அடி 9 அங்குலம். என்பிஏவில் நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம். நான்கடி வித்தியாசம். கல்லூரியில் நன்றாக வீசும் பலர் என்பிஏவில் திணறுவது இதனால்தான். கரி அப்போதே கோட்டுக்கு மிகவும் பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தார். அதற்கு அனுமதியும் இருந்தது. 2008-09 பருவத்தில் கல்லூரிக் கோட்டை ஓரடி பின்னுக்கு நகர்த்தினார்கள். அந்தப் பருவத்திலும் அவர் 130 மூன்று புள்ளி வீச்சுகள் போட்டார்.

2008 மார்ச்

2007-08 பருவத்தின் தொடக்கம் மோசம். முதல் பத்து ஆட்டங்களில் நான்கு வெற்றி, ஆறு தோல்வி. ஆனால் யாரிடம் தோற்றார்கள் என்று பார்க்க வேண்டும். வட கரோலினாவிடம் 4 புள்ளி, டியூக்கிடம் 6 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி, யுசிஎல்ஏவிடமும் தோல்வி. மூன்றும் நாட்டின் உச்சியில் இருந்த அணிகள். மெக்கிலப் வேண்டுமென்றே இவர்களோடு ஆட்டம் வைத்தார். சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கு மார்ச்சுக்குள் தன்னைச் சோதித்துக்கொள்ள வேறு வழி கிடையாது. தோற்றாலும், எங்கே உடைகிறோம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அவர்கள் தோற்கவே இல்லை. கான்ஃபரன்ஸில் 20 ஆட்டம், 20 வெற்றி. தொடர்ச்சியாக 22 வெற்றிகளோடு மார்ச் போட்டிக்கு வந்தார்கள். இருந்தும் தர எண் 10 மட்டுமே. சிறிய கான்ஃபரன்ஸ் வெற்றிகளுக்குத் தேர்வுக்குழு தரும் மதிப்பு அவ்வளவுதான்.

மார்ச் 21, ராலே நகரம். எதிரணி 7ஆம் தர எண் கொன்சாகா. கரி 40 புள்ளிகள்; அதில் 30 இரண்டாம் பாதியில். எடுத்த 10 மூன்று புள்ளி வீச்சுகளில் 8 உள்ளே. டேவிட்சன் 82-76. 1969க்குப் பிறகு அந்தக் கல்லூரி இந்தத் தொடரில் வென்ற முதல் ஆட்டம் அது.

இரண்டு நாள் கழித்து ஜார்ஜ்டவுன். முந்தைய ஆண்டு கடைசி நான்கு வரை போன அணி. ஏழடி இரண்டு அங்குல ராய் ஹிபர்ட் நடுவில் நிற்கிறார். இரண்டாம் பாதியில் டேவிட்சன் 17 புள்ளிகள் பின்தங்கியது. இந்த இடத்தில் பெரும்பாலான சிறிய அணிகளின் கதை முடிந்துவிடும். முதல் பாதி முழுக்கத் திணறிய கரி, இரண்டாம் பாதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். 74-70.

அடுத்த கட்டம் டெட்ராய்ட்டில். டேவிட்சனிலிருந்து நெடுந்தூரம், மாணவர்களால் எளிதில் போக முடியாது. கல்லூரியின் அறங்காவலர் குழு, வர விரும்பும் மாணவர்களுக்குப் பேருந்து, டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் தாங்களே பணம் தருவதாகச் சொன்னது. பேருந்துகள் நிறைய மாணவர்கள் கிளம்பிப் போனார்கள். அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான். மார்ச் 28 அன்று விஸ்கான்சின் அணியை 73-56 என்று சாய்த்தார்கள். கரி 33 புள்ளிகள். என்பிஏவின் கிளீவ்லண்ட் அணியில் ஆடிக்கொண்டிருந்த லெப்ரான் ஜேம்ஸ் இந்தப் பையனைப் பார்ப்பதற்காகவே வந்து அரங்கில் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 30. வென்றால் கடைசி நான்கு. எதிரே 1ஆம் தர எண் கேன்சஸ். கேன்சஸ் கரிமீது ஆள் மாற்றி ஆள் விட்டது; உயரமான, பலமான காவலர்கள். அவருக்கு 25 புள்ளிகள் கிடைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் போராட வேண்டியிருந்தது. கடைசி விநாடிகளில் 59-57, டேவிட்சன் இரண்டு புள்ளி பின்னால், பந்து கரியிடம். மூன்று புள்ளி விழுந்தால் வெற்றி. இரண்டு பேர் அவரை நெருக்கினார்கள். அவர் ரிச்சர்ட்ஸுக்குப் பாஸ் கொடுத்தார். ரிச்சர்ட்ஸின் வீச்சு தவறியது. கேன்சஸ் பயிற்சியாளர் பில் செல்ஃப் தரையில் மண்டியிட்டுவிட்டார். எட்டு நாள் கழித்து அவர்கள்தான் தேசிய சாம்பியன்.

கரியே வீசியிருக்க வேண்டும் என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. இருவர் மேலே விழும்போது தனியாக நிற்பவனுக்குப் பந்தைக் கொடுப்பது இரண்டு ஆண்டுகளாக அந்த அணி ஆடிய ஆட்டம். அந்த பாஸ் சரியான பாஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பருவத்தில் கரி போட்ட மூன்று புள்ளி வீச்சுகள் 162. கல்லூரி வரலாற்றில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் எட்டாத எண்.

மூன்றாம் ஆண்டு: புதிய வேலை

அப்போதே டிராஃப்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போய்விட்டதால், கரி பாயிண்ட் கார்டு ஆனார். என்பிஏ கண்ணோட்டத்தில் இது மிக முக்கியம். ஆறடி இரண்டு, மூன்று அங்குல உயரத்தில் ஷூட்டிங் கார்டு அங்கே நிலைப்பது கடினம். பாயிண்ட் கார்டாக இருந்தால் அந்த உயரம் போதும். ஆனால் அந்த வேலை தெரியும் என்று காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்குப் புள்ளி எடுத்துக்கொடுத்த அவருடைய பாஸ்கள் ஆட்டத்துக்கு 2.9இலிருந்து 5.6 ஆயின. புள்ளிகளும் 28.6 ஆக ஏறின, நாட்டிலேயே முதலிடம். பந்தைக் கொண்டுபோகும் சுமையோடு இந்த எண் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஓக்லஹோமாவுக்கு எதிராக 44 புள்ளிகள் எடுத்தும் தோற்றார்கள்.

அந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டத்தில் அவர் எடுத்தது பூஜ்யம். 2008 நவம்பர் 25, எதிரணி மேரிலேண்டின் லயோலா. அதன் பயிற்சியாளர் கரி எங்கே நின்றாலும், பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டம் முழுக்க இரண்டு காவலர்களை அவர்மேல் நிறுத்தினார். கரி என்ன செய்தார்? ஒரு மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு காவலர்களும் கூடவே போனார்கள். மிச்சக் களத்தில் டேவிட்சனுக்கு நால்வர், லயோலாவுக்கு மூவர். டேவிட்சன் 78-48 என்று வென்றது.

தன் புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, தன் இருப்பால் மட்டும் அணிக்கு 30 புள்ளி வித்தியாசம் வாங்கிக் கொடுத்த ஆட்டம் அது. கரி களத்தில் இருந்தாலே எதிரணிக் காவல் அவர் பக்கம் இழுபடுவதை இன்று ஈர்ப்பு விசை என்கிறார்கள் விமர்சகர்கள். அதன் தெளிவான ஆரம்ப உதாரணம் இந்த ஆட்டம்.

ஆனால் பருவம் ஏமாற்றத்தில் முடிந்தது. சதர்ன் கான்ஃபரன்ஸ் அரையிறுதியில் சார்லஸ்டன் கல்லூரியிடம் 59-52 தோல்வி. நேரடி இடம் போனது. தேர்வுக்குழு நிரப்பும் 34 இடங்களிலும் பெயர் வரவில்லை. நாட்டில் அதிகப் புள்ளி எடுத்த வீரர், ஒரு வருடம் முன்பு கடைசி எட்டு வரை வந்தவர், மார்ச் போட்டியை வெளியிலிருந்து பார்த்தார். இரண்டாம் தட்டுத் தொடரான என்ஐடியில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. கல்லூரி ஆட்டம் அத்தோடு முடிந்தது. மொத்தம் 104 ஆட்டம், 2,635 புள்ளிகள், 414 மூன்று புள்ளி வீச்சுகள்.

டிராஃப்ட், அதற்குப் பிறகு

2009 ஜூன் 25. முதல் இடம் பிளேக் கிரிஃபினுக்கு. 5ஆம், 6ஆம் இடங்கள் இரண்டும் மினசோட்டா கையில் இருந்தன. அந்த அணி எடுத்தது ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் என்ற இரண்டு பாயிண்ட் கார்டுகளை. 7ஆம் இடத்தில் கோல்டன் ஸ்டேட் கரியை எடுத்தது. நல்ல பாயிண்ட் கார்டுதானா என்ற சந்தேகம் ஓராண்டு ஆடிக்காட்டிய பிறகும் முழுதாகத் தீரவில்லை. அந்த ஓராண்டும் இல்லாமலிருந்தால் ஏழாம் இடம் கிடைத்திருக்குமா என்பது கேள்விதான்.

பிந்தைய கதை ஊரறிந்தது. நான்கு சாம்பியன் பட்டங்கள், இரண்டு முறை சிறந்த வீரர் விருது, 2021 டிசம்பரில் ரே ஆலனைத் தாண்டி மூன்று புள்ளி வீச்சுகளில் என்பிஏ முதலிடம்.

நின்றுபோன படிப்பு மட்டும் பாக்கி இருந்தது. பட்டம் வாங்காத வீரரின் ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுத்து அரங்கில் ஏற்றுவதில்லை என்பது டேவிட்சனின் வழக்கம். கரிக்காகவும் அவர்கள் அதைத் தளர்த்தவில்லை. என்பிஏவில் ஆடிக்கொண்டே அவர் பாடங்களை முடித்து, 2022 மே மாதம் சமூகவியலில் பட்டம் பெற்றார். ஆகஸ்ட் 31 அன்று அவருக்காகத் தனியாகப் பட்டமளிப்பு விழா நடந்தது. அன்றுதான் 30ஆம் எண் ஜெர்சியும் மேலே ஏறியது.

இன்று என்ன மாறியிருக்கிறது?

சரி, பொது மேலாளர் விஷயத்துக்கு வருவோம். கரி படித்தபோது இருந்த மூன்று விதிகள் இன்று இல்லை.

1. இடமாற்றம். அன்று ஒரு டிவிஷன் ஒன்று கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். கரியின் தம்பி செத்துக்கு இது நேர்ந்தது: லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு டியூக்குக்கு மாறியவர், 2009-10 பருவம் முழுக்க வெளியே இருந்தார். 2021இல் ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. 2024இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது.

2. விளம்பர வருமானம். அன்று மாணவ வீரர் தன் பெயரையோ முகத்தையோ வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. 2021 ஜூலை முதல் முடியும்.

3. நேரடிப் பங்கு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வருமானத்திலிருந்து வீரர்களுக்கே பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர்.

வீரர்களுக்கு இது நியாயம் என்றே நினைக்கிறேன். 2008 மார்ச்சில் அந்தப் பையனைக் காட்டி எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் சிறிய கல்லூரிக்கு இதனால் வரும் அடி பெரிது. இன்றைய விதியில் முதலாண்டில் 21.5 புள்ளி எடுத்த ஒருவரைப் பெரிய அணிகள் சும்மா விடாது. ஏப்ரலிலேயே பணத்தோடு வந்து நிற்பார்கள். டேவிட்சன் தவறு செய்ய இடம் கொடுத்து வளர்க்கும். வளர்ந்த வீரர் இரண்டாம் ஆண்டில் வேறொரு சீருடையில் ஆடுவார். ஓட்டமும் ஸ்கிரீனும் உடம்பில் ஊறவும், பிறகு பாயிண்ட் கார்டு வேலையைக் கற்கவும் கரிக்குக் கிடைத்த தொடர்ச்சியான மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இதனால்தான் கல்லூரி அணிகள் இப்போது பொது மேலாளர்களை வைத்துக்கொள்கின்றன. யாரை இழக்கப்போகிறோம், இடம் மாற நினைக்கும் வீரர்களில் யாரை அழைக்கலாம், கையில் உள்ள பணத்தை எப்படிப் பிரிப்பது, முன்னாள் மாணவர்களிடம் எவ்வளவு திரட்டலாம் என்று பார்ப்பது அவர்கள் வேலை. பயிற்சியாளர் ஒருவரே எல்லாம் செய்த காலம் போய்விட்டது. டேவிட்சனும் 2025இல் ஒரு பொது மேலாளரை நியமித்தது. கரி அவருக்கு உதவியாளர். ஆலோசனை சொல்லும் பொறுப்பு. கூடவே, கூடைப்பந்து அணிகளுக்காக அவரும் மனைவி ஆயிஷாவும் வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதி ஒன்றைத் தொடங்கிவைத்தார்கள்.

பாப் மெக்கிலப் 33 பருவங்களுக்குப் பிறகு 2022இல் ஓய்வு பெற்றார். இப்போது அணிக்குப் பயிற்சியாளர் அவருடைய மகன் மேட். முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தை இழந்த பையனை மறுநாளும் களத்தில் இறக்கியவரின் மகனுக்குத்தான் இன்று அந்தப் பையன் ஆள் தேடித் தரப்போகிறார்.